வறண்ட கோளும் வாளி எட்டாத நீரும்: ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலை முன்வைத்து

ஜலாலைன் தஃப்ஸீர் வகுப்பில் அல்முல்க் அத்தியாயம் நிறைவுற்ற நாளில் மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஸ்ரத், பூமி முழுவதுமே ஒருநாள் நீரற்றுப் போய், உயிர்கள் வாழ முடியாததாகிவிடுமா?” என்று வினவினார். அவ்வத்தியாயத்தின் இறுதி வசனம் நீர் நிலத்தினுள் ஆழ்ந்து மறையும் நிலையைக் குறித்தே வினா எழுப்புவதால், அவர் இப்படிக் கேட்டதில் வியப்பில்லை என்று எண்ணினேன். ஆனால் அவருடைய வினா வசனத்திலிருந்து பிறக்கவில்லை. ஒரு திரைப்படத்திலிருந்து பிறந்தது என்பது அடுத்த வாக்கியத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. 2021இலும் 2024இலும் இரு பாகங்களாக வெளிவந்த ‘டியூன்’ படத்தில், பாலைவன மக்கள் கதாநாயகனை ‘லிஸானுல் கைப்’ என அழைப்பதைக் கேட்டு, இது நாம் ஓதும் மொழியாயிற்றே என்று அவர் திகைத்திருக்கிறார். படம் பார்ப்பது குறித்து அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு (அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்), அதன் மூல நாவலைத் தேடிப் பெற்றுப் படித்தேன். ஒரு கோள் முழுவதும் வறண்டுபோவது என்றால் என்ன என்பதை இவ்வளவு விரிவாகக் கற்பனை செய்த நூல் நவீன இலக்கியத்தில் வேறொன்று இருப்பதாக நான் அறியேன். அந்தக் கற்பனை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எங்கே பிசகுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் அமெரிக்கப் பத்திரிகையாளர். ஓரிகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் என்னும் கடற்கரை ஊரில் நகர்ந்து வந்து சாலைகளை மூடிய மணற்குன்றுகளைப் புல் நட்டு நிறுத்திவைக்க அந்நாட்டு வேளாண் துறை மேற்கொண்ட முயற்சியைப் பற்றி எழுதுவதற்காக 1957இல் அங்குச் சென்றார். எண்ணிச் சென்ற கட்டுரை அச்சேறவில்லை. ஆனால் அங்கே பற்றிக்கொண்ட சிந்தனை வளர்ந்து, 1963 முதல் 1965 வரை ‘அனலாக்’ இதழில் தொடராகவும், 1965இல் நூலாகவும் வெளிவந்தது. அதற்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. இந்நாவலுக்கு வித்திட்ட மணல், மழை மிகுந்த ஒரு கடற்கரையின் மணல் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் நான் கூறப்போகும் குறைகளுக்கு ஓரளவு காரணம் அதில் அடங்கியிருக்கிறது.

கதை நிகழும் கோளின் பெயர் அர்ராக்கிஸ். அங்கு மழையே பெய்வதில்லை. துருவங்களில் மட்டும் சிறு பனிப்படலங்கள் உண்டு. அங்கு வாழும் ஃபிரெமன் மக்கள், உடலின் வியர்வையையும் கழிவு நீரையும் வடித்துத் திரும்பக் குடிநீராக்கும் ஆடையை அணிகிறார்கள். ஒருவர் முன் உமிழ்வது அங்கே மரியாதை. தன் உடலின் ஈரத்தை அவருக்கு அளிப்பதாக அதற்குப் பொருள். இறந்தவரின் உடலிலிருந்தும் நீர் பிரித்தெடுக்கப்பட்டுக் குலத்தின் நிலத்தடித் தேக்கத்தில் சேர்க்கப்படுகிறது. வறட்சியை வெறும் பின்னணிக் காட்சியாக்காமல் ஒழுக்கம், சட்டம், மரியாதை, ஈமச்சடங்கு அனைத்தையும் அதிலிருந்தே வளர்த்தெடுத்திருக்கும் இந்த உறுதி பாராட்டத்தக்கது.

அரபுச் சொற்களைக் குறித்துச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல என் தொழில் என்னை விடவில்லை. கதாநாயகன் ஏற்கும் பெயரான ‘முஅத்திப்’ அந்நாவலில் ஒரு பாலைவன எலியின் பெயர். அரபியிலோ அச்சொல் ஒழுக்கமும் இலக்கியமும் பயிற்றும் ஆசிரியரைக் குறிப்பது. கலீஃபாக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியவர்கள் முஅத்திப்கள் என்றே அழைக்கப்பட்டனர். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த நான் அந்த எலியைச் சற்று நேரம் முறைத்துப் பார்த்தேன். இறைப் பண்புகளைப் பற்றி ‘எவ்வாறு’ என்று வினவாமல் ஏற்பதைக் குறிக்க அஷ்அரி அறிஞர்கள் ஆண்ட ‘பிலா கைஃப்’ என்னும் தொடர், இங்கே வழிபாட்டின் முடிவில் சொல்லும் ‘ஆமீன்’ ஆகிவிட்டது. எனினும் எல்லாவற்றையும் அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ஃபிரெமன் மக்களின் வாழ்க்கைக் கையேட்டுக்கு ‘கிதாபுல் இபர்’ என்று பெயர். அது இப்னு கல்தூனுடைய வரலாற்று நூலின் பெயராகும். 1377இல் அவர் எழுதிய அந்நூலின் முகத்திமா, கடின வாழ்வில் இறுகிய பாலைவனக் கூட்டம் சுகத்தில் தளர்ந்த நகர ஆட்சியை வீழ்த்தும் நியதியை விளக்குகிறது. ‘டியூன்’ நாவலின் கதைப்போக்கும் அதுவே. இது தற்செயலா, படிப்பின் பயனா என்று துருவுவது என் நோக்கமன்று.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. அரபுச் சொற்களை அள்ளிக்கொண்ட ஆசிரியர், வறட்சியைப் பற்றி அம்மொழி சேர்த்து வைத்திருக்கும் அறிவைத் தொடவில்லை. 1038இல் மறைந்த அஸ்ஸஆலிபீ தமது ‘ஃபிக்ஹுல் லுகா’ என்னும் நூலில் தாகத்தின் படிநிலைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். ‘அதஷ்’ எனத் தொடங்கி, ‘ளமஉ’, ‘ஸதா’ என ஏறி, ‘ஹுயாம்’ போன்ற நிலைகளைக் கடந்து, கொல்லும் தாகமாகிய ‘ஜுவாத்’ வரை அந்த ஏணி செல்கிறது. (ஹுயாம் என்பது ஒட்டகங்களைப் பீடிக்கும் ஓயாத தாக நோய்க்கும் பெயர், காதலால் சித்தம் கலங்கித் திரிவதற்கும் பெயர்.) தாகத்தை இத்தனை படிகளாகப் பகுத்த மக்களுக்கு வறட்சி ஒரே தன்மையுடைய ஒன்றன்று, அதற்கு ஆழமும் தூரமும் நேரமும் உண்டு. ஹெர்பர்ட்டின் கோளில் அந்தப் பகுப்பு இல்லை. அங்கே கோள் முழுவதும் ஒரே வறட்சி, எல்லோருக்கும் ஒரே தாகம்.

இதற்கு ஈடுசெய்யும் வகையில் நாவலில் மற்றொன்று இருக்கிறது. அர்ராக்கிஸ் படைக்கப்பட்டபோதே வறண்டதாக இருக்கவில்லை. உப்புப் படுகைகளைக் கண்டு, முன்னொரு காலத்தில் அங்கே நீர் நின்றிருக்க வேண்டும் என்று உய்த்துணரும் கைன்ஸ் என்ற ஆய்வாளர் அதன் காரணத்தைத் தேடுகிறார். மாபெரும் மணற்புழுக்களின் இளம் பருவமாகிய சிறு உயிரிகள் நீரைச் சூழ்ந்து அடைத்து நிலத்தின் ஆழத்தில் பூட்டிவிடுகின்றன. ஆக, நீர் அழியவில்லை. அணுக முடியாத இடத்தில் இருக்கிறது. கோளின் பரப்பில் மூன்று விழுக்காடு அளவுக்குப் பசுந்தாவரச் சுழற்சியைத் தொடங்கிவிட்டால் எஞ்சியது தானாக நிகழும் என்றும், அதற்கு முந்நூறு முதல் ஐந்நூறு ஆண்டுகள் ஆகும் என்றும் அவர் கணக்கிடுகிறார். தம் வாழ்நாளில் காண முடியாத பசுமைக்காக ஒரு மக்கள் கூட்டம் துளித் துளியாக நீர் சேர்க்கிறது. நூலின் பின்னிணைப்பில் வரும் இப்பகுதியே, என் கணிப்பில், கதாநாயகனின் போர்களைவிட உயர்ந்தது. வறட்சிக்கு விதியையன்றிக் காரணத்தைத் தேடும் பார்வை அதில் இருக்கிறது.

நமது பூமிக்கு அப்படியொரு நிலை வருமா? வானியலார் தரும் விடை, வரும் என்பதே. ஆனால் நாம் எதிர்பார்க்கும் வழியில் அன்று.

பூமியிலுள்ள நீரின் மொத்த அளவு ஏறத்தாழ 138 கோடி கன கிலோமீட்டர். அதில் விண்வெளிக்குத் தப்பிச் செல்வது மிகச் சொற்பம். காரணம், மேலேறும் நீராவி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கடுங்குளிர் அடுக்கு ஒன்றைச் சந்தித்து உறைந்து, பனியாகவும் மழையாகவும் திரும்பிவிடுகிறது. அதற்கும் மேலுள்ள அடுக்கு மண்டலம் ஏறக்குறைய உலர்ந்தே இருக்கிறது. அந்தக் காவலைத் தாண்டிச் சென்று சூரியனின் புற ஊதாக் கதிரால் பிளவுபடும் சிறு அளவு நீரிலிருந்தும், மீத்தேன் போன்றவற்றிலிருந்தும் வினாடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் வெளியேறுகிறது. இந்த வேகத்தில் கடல்கள் வற்ற வேண்டுமானால் சூரியனின் ஆயுளே போதாது.

ஆனால் சூரியன் இன்றுபோல் என்றும் இருப்பதில்லை. 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு வீதம் அதன் ஒளி கூடிவருகிறது. வெப்பம் கூடினால் ஆவி கூடும். நீராவியே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. ஆகவே மேலும் வெப்பம், மேலும் ஆவி. ஓர் எல்லையில் அந்தக் குளிர்க் காவல் தளர்ந்துபோக, நீராவி தடையின்றி உயரே சென்று பிளவுபட்டு, ஹைட்ரஜன் விண்வெளியில் கலந்துவிடும். இந்த எல்லையைப் பூமி அடைய இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆகும் என்பது, 2013இல் லெகோந்த் என்ற பிரெஞ்சு அறிஞரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கணக்கு. அதற்கு முன்பே வேறொரு குறைபாடு தாவரங்களைத் தாக்கக்கூடும். வெப்பம் மிகுந்தால் பாறைகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை விரைந்து உட்கொள்ளும். பயிர்களுக்கு அது போதாமல் போகும். 1982இல் லவ்லாக்கும் விட்ஃபீல்டும் இதற்குப் பத்துக் கோடி ஆண்டு என்று கெடு வைத்தனர். 1992இல் கால்டெய்ராவும் காஸ்டிங்கும் அக்கெடுவைப் பல மடங்கு நீட்டித்தனர். வெள்ளிக் கோள் இத்தகைய பாதையைக் கடந்து வந்தது என்பதற்கு அதன் காற்றில் சான்று உண்டு. கனமான ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தின் விகிதம் அங்கே பூமியில் உள்ளதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். இலேசானது பறந்துபோய், கனமானது மிஞ்சிய அடையாளம் அது. மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் பூமியை இந்த எல்லைக்குத் தள்ளிவிடாது என்பதே அறிவியலாரின் பொதுக் கருத்து. அவை செய்யும் தீங்கு வேறு வகையானது.

ஆக, பூமி நீர்க்குறைவால் வறளப்போவதில்லை. தன் நீரின் மிகுதியாலேயே வறளப்போகிறது. இது எனக்கு முதலில் விளங்கவில்லை. 2011இல் யுட்டாக்கா அபே முதலிய ஜப்பானிய, அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அறிந்தபோதுதான் தெளிந்தது. கடல் சூழ்ந்த கோளையும், துருவங்களில் மட்டும் சிறிது நீருள்ள ‘நிலக்கோளையும்’ அவர்கள் ஒப்பிட்டார்கள். நிலக்கோளே அதிக வெயிலைத் தாங்குகிறது. இன்று பூமி பெறுவதைப்போல் 1.7 மடங்கு வெயிலிலும் அதன் துருவப் பகுதியில் நீர் தங்கும் என்று கண்டார்கள். அங்கே காற்றில் ஆவி குறைவு என்பதே காரணம். அத்தகைய கோளுக்கு எடுத்துக்காட்டாக அவர்கள் சுட்டியது ஹெர்பர்ட்டின் அர்ராக்கிஸ். பிரிட்டனில் மூன்று ஆய்வாளர்கள் 2021இல் அர்ராக்கிஸின் தட்பவெப்பத்தைக் கணினியில் இட்டுப் பார்த்ததும் உண்டு. நடுப்பகுதி தாங்கக்கூடியதாகவும், நாவலில் மக்கள் நாடிச் செல்லும் உயர் அட்சரேகைகள் கோடையில் 70 பாகையும் குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழ் 40, 75 பாகையுமாக வாழத் தகாதவையாகவும் அந்தக் கணக்கில் வந்தன. நாவலாசிரியர் ஊர்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்! எனினும் முழு வறட்சியிலும் உயிர் தங்கும் என்ற அவருடைய அடிப்படை ஊகம் பொய்க்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வளவும் சரி. 100 கோடி ஆண்டு என்பது மாணவருக்கு ஆறுதலா? எனக்கு ஆறுதலாகத் தோன்றவில்லை. கேள்வியைக் கோளின் அளவுக்குப் பெரிதாக்கும்போது நாம் கேட்க வேண்டியது நழுவிவிடுகிறது என்பதே இந்நாவலின் மீது எனக்குள்ள முதன்மையான விமர்சனம். தொல்காப்பியம் நிலத்தை நான்காகவே பகுத்தது; பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வெம்மையுற்றபோது கொள்ளும் வடிவமே பாலை என்று இளங்கோவடிகள் விளக்கினார். வறட்சி நிலத்துக்கு வந்து சேரும் நிலை. வந்ததுபோல் நீங்கவும் கூடும். இன்றைய சஹாரா இதற்குப் பெருஞ்சான்று. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அது புல்லும் ஏரியும் நிறைந்த நாடாக இருந்தது. பூமியின் அச்சு மெல்லச் சுழன்று அசைவதால் வடபகுதியின் கோடை வெயில் அன்று கூடியிருந்தது. பருவமழை வடக்கே நெடுந்தூரம் சென்றது. அல்ஜீரியாவின் தஸ்ஸிலி மலையிலும் லிபியாவின் தென்மேற்கிலும் பாறைகளில் தீட்டியும் செதுக்கியும் வைக்கப்பட்ட மாடுகள், யானைகள், நீந்துவதுபோன்ற உருவங்கள் அந்நாட்களின் எச்சங்கள்.

அந்தப் பாறைகளின் முன்னால் பிறந்தது இப்றாஹீம் அல்கோனியின் ‘நஸீஃபுல் ஹஜர்’ என்னும் அரபு நாவல். 1990இல் வெளிவந்த இதைப் ‘பாறையின் குருதிப்பெருக்கு’ எனலாம். 1948இல் பிறந்த அல்கோனி துவாரெக் இனத்தவர். அரபியையே பன்னிரண்டு வயதில்தான் கற்றார். அவருடைய கதைத்தலைவன் அஸூஃப் பாறை ஓவியங்களுக்குக் காவலன், ஆடு மேய்ப்பவன், வத்தான் என்னும் காட்டு மலையாட்டை வேட்டையாடுவதில்லை என உறுதி பூண்டவன். அவனுடைய தாயைப் பாலைவனத்தின் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. வறண்ட நிலத்தில் மழையும் கொல்லும் என்பது மழைநாட்டில் இருந்து எழுதிய ஹெர்பர்ட்டுக்கு எட்டாத செய்தி. அஸூஃபைக் கொல்ல வருபவனுடைய பெயர் காபீல். துப்பாக்கியும் வாகனமும் கொண்டு மான் கூட்டங்களை அழித்து முடித்தவன், இறைச்சி இன்றி இருக்க முடியாதவன். ஹெர்பர்ட்டின் பாலை வீரர்களை உருவாக்குகிறது, பேரரசுகளை வீழ்த்துகிறது. அல்கோனியின் பாலையோ யாரையும் வெற்றிபெற வைப்பதில்லை. அங்கே கேடு கோளின் வறட்சியால் வரவில்லை, பசி தீராத ஒரு மனிதனால் வருகிறது. நூற்றைம்பது பக்க அளவிலான இச்சிறு நாவலை, அறுநூறு பக்க நாவலைக் காட்டிலும் உண்மையானதாகக் கருதுகிறேன். அரபி கற்றவன் என்ற சார்பு என் தீர்ப்பில் கலந்திருக்கிறது என்றால் கலந்திருக்கட்டும்.

ஃபிரெமன் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்கே ஒருவன் உடல் அவனுடையது, உடலின் நீரோ குலத்தினுடையது. பாலைவனத்தில் நீருக்கு இப்படித்தான் சட்டம் அமையும் என்று வாசகர் நம்பிவிடுகிறார். உண்மையான பாலைவனத்தை அறிந்த மக்களிடையே உருப்பெற்ற ஃபிக்ஹ் நூல்கள் வேறு திசையில் செல்கின்றன. கையிலுள்ள நீர் தாகத்துக்கு மட்டுமே போதும் என்றால், உளூவை விடுத்துத் தயம்மும் செய்ய வேண்டும். அந்தத் தாகம் தன்னுடையதாகவோ, தன்னுடன் வருபவருடையதாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை. உடனிருக்கும் கால்நடையின் தாகமும் கணக்கில் வரும் என்று தயம்மும் பாடத்திலேயே ஓதுகிறோம். வழிபாட்டின் நீரை ஒரு விலங்கின் தாகத்துக்கு விட்டுக்கொடுக்கும் சட்டம் அது. பற்றாக்குறை மனிதரைக் குலமாக இறுக்கும் என்பது ஹெர்பர்ட்டின் கணிப்பு. அது குலத்தைத் தாண்டியும் மனிதரை நீளச் செய்யும் என்பதற்கு இது சான்று. நாவலாசிரியர் ‘ஷரீஆ’ என்ற சொல்லுக்கு நீர்த்துறைக்குச் செல்லும் வழி என்னும் பழம்பொருள் உண்டென்பதை அறிந்திருந்தால், அதையும் எங்கேனும் பதித்திருப்பார்!

இனி மாணவரின் வினாவுக்கு வருகிறேன். அல்முல்க் அத்தியாயத்தின் அந்த வசனத்தைச் சிலர் பூமி வற்றுவதற்கான அறிவியல் முன்னறிவிப்பாக்கி மேடைகளில் முழங்குகின்றனர். வேறு சிலர், நீர் வட்டம் இறைவனின் ஏற்பாடு, அது குறையவே குறையாது என்று அமைதி கொள்கின்றனர். இரு சாராரும் அதிலுள்ள இரு சொற்களைக் கவனிப்பதில்லை. ஒன்று ‘கவ்ர்’, தாழ்ந்து இறங்கிப்போனது. மற்றது ‘மஈன்’, கண்ணெதிரே ஓடுவது. கைகளுக்கும் வாளிகளுக்கும் எட்டும் நீர் என்றே ஜலாலைன் அதை விளக்குகிறது. நீர் இருக்கிறதா என்பதன்று அங்கே எழும் வினா, எட்டுகிறதா என்பதே. அதையடுத்து ஜலாலைன் ஒரு செய்தியையும் தருகிறது. இவ்வசனத்தைக் கேட்ட செருக்குடைய ஒருவன், கோடரிகளும் கடப்பாரைகளும் அதைக் கொண்டுவந்துவிடும் என்று விடை சொன்னான். அவன் கண்ணின் நீர் வற்றிப் பார்வை போயிற்று என்பது அச்செய்தி. இளமையில் ஓதியபோது அதை ஒரு தண்டனைக் கதையாக மட்டுமே கேட்டுக் கடந்தேன்.

அந்த மனிதனின் விடையை நம் காலத்தில் அரசுகளே சொல்லியிருக்கின்றன. சவூதி அரேபியா 1980களில் ஆழ்துளைக் கிணறுகளையும் பெரும் மானியத்தையும் கொண்டு பாலையில் கோதுமை விளைவித்தது. 1990களின் தொடக்கத்தில் ஆண்டு விளைச்சல் 40 லட்சம் டன்னை எட்டி, ஏற்றுமதியும் நடந்தது. இறைத்தது அவ்வாண்டின் மழையன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்நிலம் ஈரமாக இருந்த காலத்தில் இறங்கித் தங்கிய நீர். 2008இல் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க அரசு முடிவெடுத்தது. 2016இல் உள்நாட்டுக் கொள்முதல் நிறுத்தப்பட்டது. பின்னர் ஓரளவு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இதனிடையே ரியாதுக்குத் தெற்கே அல்அஃப்லாஜ் வட்டாரத்து லைலா நகரின் ஏரிகள் வற்றிவிட்டன. மஜ்னூனின் லைலா பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் அது. கிழக்கே அல்அஹ்ஸாவில் தாமாகவே பொங்கி வழிந்து பேரீச்சந் தோப்புகளுக்குப் பாய்ந்த ஊற்றுகள் ஓய்ந்து, எந்திரம் வைத்து இறைக்கும் நிலை வந்தது. லிபியாவில் 1984இல் தொடங்கிய பெரும் குழாய்த் திட்டம், சஹாராவின் அடியிலுள்ள தொல்நீரை 1991இல் பென்காசிக்கும் 1996இல் திரிப்போலிக்கும் கொண்டு சேர்த்தது. அஸூஃபின் பாறைகளில் மாடு வரைந்தவர்கள் கண்ட மழையும் அந்த நீரில் அடங்கும்.

இவ்விடங்களில் கோள் வறண்டுவிடவில்லை. கடல் முன்போலவே அலை வீசிக்கொண்டிருக்கிறது. இறைக்கப்பட்ட நீர் ஆவியாகி எங்கேனும் மழையாகவும் பெய்திருக்கும். ஆனால் லைலா நகரத்தாருக்கு அது மஈன் அன்று. ஹெர்பர்ட்டின் கைன்ஸ் கண்டறிந்ததும் இதுதான்: நீர் அழிவதில்லை, பூட்டப்படுகிறது. அங்கே பூட்டியவை மணல்வாழ் உயிரிகள். அந்த இடத்தில் மனிதரை வைக்க நாவலாசிரியர் துணிந்திருந்தால், அவருடைய நூல் அல்கோனியின் நூலுக்கு அருகே வந்திருக்கும்.

மாணவரிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. பூமி முழுவதும் வறள்வதற்கு 100 கோடி ஆண்டு இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் ஜலாலைனில் வரும் வாளிக்குக் கயிறு எத்தனை முழம், ஹஸ்ரத்?” என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. மறுநாள் அல்கலம் அத்தியாயம் தொடங்க வேண்டியிருந்தது, தொடங்கவில்லை. அவரவர் வீட்டுக் கிணறும் குழாயும் பாட்டனார் காலத்தில் எத்தனை முழம், இன்று எத்தனை அடி என்று கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். நாற்பத்திரண்டு பேரில் இதுவரை பதினேழு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.